அம்மாவுக்கு எல்டிஹெச் 3,840: கேன்சரான்னு பயந்து எழுதின மகளுக்கு

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்க அம்மாவுக்கு 58 வயசு, பிறந்ததுல இருந்து சைவம். சுகருக்கு 9 வருஷமா மெட்ஃபார்மின் போடறாங்க, கூடவே கேஸ் மாத்திரையும் தினம் உண்டு. கொஞ்ச மாசமாவே மாடி ஏறினா மூச்சு வாங்குது, நாக்கு எரியுது, கால் மரமரன்னு இருக்குன்னு சொல்லிட்டு இருந்தாங்க. கண்ணு லேசா மஞ்சளா தெரிஞ்சதும் பெரியம்மா மஞ்சகாமாலைன்னு சொல்லி கீழாநெல்லி அரைச்சு குடுத்து, எண்ணெய் உப்பு இல்லாம பத்தியமும் வச்சுட்டாங்க. கடைசில மயக்கம் வந்து ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம். ஹீமோகுளோபின் 5.8, எம்சிவி 122, வெள்ளணு 3,100, பிளேட்லெட் 82,000, ரெட்டிகுலோசைட் 1 சதவீதம், பிலிருபின் 2.6 அதுல டைரக்ட் 0.5, எஸ்ஜிஓடி 74, எஸ்ஜிபிடி 28, ஃபெரிட்டின் 410, பி12 94. எல்டிஹெச் மட்டும் 3,840ன்னு வந்திருக்கு. நெட்ல பாத்தா ரத்த புற்றுநோய், லிம்ஃபோமான்னு (நிணநீர் முடிச்சு புற்றுநோய்) வருது. டாக்டர் பி12 குறைவுன்னு ஊசி மட்டும் ஆரம்பிச்சிருக்கார், ரத்தம் ஏத்தல, எலும்பு மஜ்ஜை டெஸ்டும் எடுக்கல. அம்மா தினமும் கீரை சாப்பிடறவங்க, அவங்களுக்கு எப்படி சத்து குறையும்? ஒரு வைட்டமின் குறைஞ்சதுக்கு ஒரு என்சைம் இவ்வளவு ஏறுமா?

பதில்: வணக்கம் சகோதரி. ஏறும். இதைவிட அதிகமாவும் ஏறும். நீங்க எழுதின நம்பர் எல்லாத்தையும் சேத்து வச்சு பாத்தா அந்த 3,840க்கு காரணம் லிவர் மாதிரியும் தெரியல, புற்றுநோய் மாதிரியும் தெரியல. பி12 இல்லாததால அம்மாவோட எலும்பு மஜ்ஜைக்குள்ள ரத்த செல்லுங்க முழுசா வளர்ந்து வெளிய வர்றதுக்கு முன்னாடியே செத்துட்டு இருக்கு, அந்த சாவு எவ்வளவு பெருசுன்னு காட்டற நம்பர்தான் அது. இதுக்கு மெகலோபிளாஸ்டிக் அனீமியான்னு பேரு. சரியான மருந்து போனா இந்த நம்பர் இறங்கறத நீங்களே கண்ணால பாக்கலாம், அதனால முதல்ல கொஞ்சம் மூச்சு விட்டுக்கோங்க, அப்புறம் பொறுமையா படிங்க.

எல்டிஹெச்ங்கறது சர்க்கரைய உடைச்சு சக்தி எடுக்கற வேலையில கடைசி படியில நிக்கற ஒரு என்சைம். ஏறக்குறைய உடம்புல இருக்கற எல்லா செல்லுக்குள்ளயும் இது இருக்கு, ஹார்ட், லிவர், தசை, கிட்னி, ரத்த செல்னு. செல் நல்லா இருக்கற வரைக்கும் இது உள்ளேயே இருக்கும், செல் உடைஞ்சாதான் ரத்தத்துல கசியும். அதனால எல்டிஹெச் ஏறியிருக்குன்னா எங்கயோ நிறைய செல் உடையுதுன்னு மட்டும்தான் அர்த்தம், எங்கன்னு அது சொல்லாது. லிம்ஃபோமாலயும் ஏறும், லிவர் அடி வாங்கினாலும் ஏறும், ஏன், ரத்தம் எடுத்த டியூப்ப போட்டு குலுக்கி உள்ள இருந்த சிவப்பணு உடைஞ்சா கூட ஏறும். தேடு பொறியில எல்டிஹெச்னு மட்டும் அடிச்சா அது பயமுறுத்தற நோயத்தான் முதல்ல காட்டுது, பக்கத்துல எம்சிவி (சிவப்பணுவோட சராசரி அளவு) 122, பி12 94னு இருக்கறது அதுக்கு தெரியாது. எந்த செல் உடையுதுன்னு கண்டுபிடிக்க மத்த நம்பரோட சேத்துதான் படிக்கணும்.

சரி, இதுல ஏன் உடையுது? எலும்பு மஜ்ஜை ஒரு விநாடிக்கு சுமார் 20 லட்சம் சிவப்பணு தயாரிக்கற இடம். அவ்வளவு வேகமா செல் பிரியணும்னா ஒவ்வொரு தடவையும் டிஎன்ஏவ புதுசா நகல் எடுக்கணும். அந்த டிஎன்ஏவுக்கு வேணுங்கற நாலு எழுத்துல ஒண்ணு தைமின், அதை செய்ய ஃபோலேட் வேணும். பி12 எங்க வருதுன்னா, ஃபோலேட்ட உபயோகப்படுத்தற வடிவத்துக்கு திருப்பி கொண்டு வர்ற வேலையில வருது. பி12 இல்லேன்னா உடம்புல ஃபோலேட் இருந்தாலும் அது மெத்தில் ஃபோலேட்ங்கற ஒரு வடிவத்துலயே மாட்டிக்கிட்டு நிக்கும், யாருக்கும் பிரயோஜனம் இல்ல. அப்ப தைமின் பத்தாம போகும், அந்த இடத்துல யுராசில்ங்கற வேற எழுத்து போய் உக்காரும், செல் அதை வெட்டி சரி பண்ண பாக்கும், மறுபடி தைமின் இருக்காது, மறுபடி தப்பான எழுத்தே வரும், இப்படி வெட்டி ஒட்டி வெட்டி ஒட்டி கடைசில டிஎன்ஏவே துண்டு துண்டா போயிரும். அந்த நிலைக்கு வந்த செல் தன்னைத்தானே அழிச்சுக்கும்.

இதுக்கு நடுவுல செல்லோட உடம்பு மட்டும் வளர்ந்துட்டே இருக்கும், ஏன்னா ஹீமோகுளோபின் செய்யறதுக்கு புது டிஎன்ஏ தேவையில்ல. உள்ள இருக்கற நியூக்ளியஸ் குழந்தையாவே நிக்குது, வெளி உடம்பு பெருத்துடுது. அந்த பெருத்த செல்தான் மெகலோபிளாஸ்ட். அம்மாவோட எம்சிவி 122ன்னு வந்தது இதனாலதான், சாதாரணமா 80ல இருந்து 100க்குள்ள இருக்கணும்.

நல்ல ஆரோக்கியமா இருக்கறவங்க மஜ்ஜையில கூட கொஞ்சம் செல் வெளிய வராம உள்ளேயே வீணா போகும், 10, 15 சதவீதம் மாதிரி. இந்த நோய் முத்தினவங்களுக்கு அது 80, 90 சதவீதம் வரைக்கும் போகும். செங்கல் சூளையில போட்ட கல்லுல பத்துல எட்டு உள்ளேயே வெடிச்சு போனா எப்படியோ அப்படி, சூளை ராப்பகலா எரியுது ஆனா வெளிய வர்ற லோடு மட்டும் கம்மி. ரத்தம் பத்தலன்னு கிட்னியில இருந்து எரித்ரோபொய்ட்டின் ஹார்மோன் கத்திக்கிட்டே இருக்கும், மஜ்ஜையும் இன்னும் இன்னும்னு செல்ல உண்டாக்கும், அத்தனையும் உள்ளேயே சாகும். அதனாலதான் மஜ்ஜை செல்லால நிறைஞ்சு வழியறப்பவே ரத்தத்துல ஹீமோகுளோபின் 5.8ல நிக்குது.

இப்ப உங்க கேள்விக்கு நேரா வர்றேன், ஏன் இவ்வளவு ஏறுதுன்னா மூணு விஷயம் ஒண்ணா சேருது. சிவப்பணு குடும்பத்துக்கே எல்டிஹெச் நிறைய உண்டு, ஏன்னா முழுசா வளர்ந்த சிவப்பணுவுக்கு ஆக்சிஜன வச்சு சக்தி எடுக்கற மைட்டோகாண்ட்ரியா கிடையாது, சர்க்கரைய உடைச்சுத்தான் காலம் தள்ளணும். அதுலயும் மஜ்ஜைக்குள்ள இருக்கற நியூக்ளியஸ் உள்ள இளம் செல்லுல வளர்ந்த செல்லவிட இன்னும் கூட இருக்கும், இங்க அந்த இளம் செல்லே பூதாகாரமா வேற இருக்கு. மூணாவது, சாகறது ஒண்ணு ரெண்டு இல்ல, உற்பத்தியில பெரும்பகுதி. ரத்தக்குழாய்ல ஓடற சிவப்பணு உடையற மத்த அனீமியாக்கள்லயும் எல்டிஹெச் ஏறும், ஆனா ஆயிரக்கணக்குல போறது பி12 குறைவுல சர்வ சாதாரணம், பல சமயம் அந்த நோய்களையே மிஞ்சும். ஹீமோகுளோபின் எவ்வளவு கீழ போயிருக்கோ அவ்வளவு மேல இது ஏறி இருக்கறததான் அனேகமா பாக்கறோம்.

எல்டிஹெச்ல அஞ்சு உட்பிரிவு இருக்கு. லிவர்லயும் தசையிலயும் அஞ்சாவது அதிகம், ஹார்ட்லயும் சிவப்பணுவுலயும் ஒண்ணாவது ரெண்டாவது அதிகம். சாதாரணமா ரத்தத்துல ரெண்டாவது பிரிவுதான் ஒண்ணாவத விட கூட இருக்கும், மெகலோபிளாஸ்டிக் அனீமியால அது தலைகீழா மாறி ஒண்ணாவது மேல போயிரும். மாரடைப்புலயும் இதே மாதிரிதான் மாறும், ட்ரோபோனின் டெஸ்ட் வர்றதுக்கு முன்னாடி மாரடைப்ப உறுதி பண்ண இந்த பிரிவு டெஸ்ட்டயும் நம்பி இருந்தாங்க, அப்ப மூச்சு வாங்கிட்டு வர்ற அனீமியா பேஷன்ட்டுக்கு குழப்பம் வர நிறைய வாய்ப்பு இருந்துச்சு. இப்ப அம்மாவுக்கு இந்த பிரிவு டெஸ்ட் எடுக்கவே வேண்டாம், காசு வீண்.

லிவர் இல்லன்னு எப்படி சொல்றேன்? லிவர் டெஸ்டுல பாக்கற ரெண்டு என்சைம் இருக்கு, எஸ்ஜிஓடி 74, எஸ்ஜிபிடி 28. எஸ்ஜிஓடி சிவப்பணுவுலயும் இருக்கு, அதனால செல் உடையறப்ப அதுவும் கொஞ்சம் கசியும். எஸ்ஜிபிடி பெரும்பாலும் லிவர் சரக்கு, அது அசையாம நார்மலா நிக்குது. மஞ்சள் கண்ணுக்கு காரணமும் அதே மஜ்ஜைதான், செத்த செல்லுல இருந்த ஹீமோகுளோபின் உடைஞ்சு பிலிருபின் ஆகுது, அது லிவர் இன்னும் கைய வைக்காத இன்டைரக்ட் பிலிருபின். 2.6ல டைரக்ட் வெறும் 0.5, மீதி 2.1 அத்தனையும் இன்டைரக்ட். இது தண்ணில கரையாது, அதனால சிறுநீர்ல இறங்காது. ஹெபடைட்டிஸ் மாதிரி காமாலையா இருந்தா சிறுநீர் கடும் டீ டிகாஷன் நிறத்துல போகும், அம்மாவுக்கு அப்படி போச்சான்னு கேட்டு பாருங்க, இல்லன்னுதான் சொல்வாங்கன்னு நினைக்கறேன். ரத்தமில்லாத வெளிறின தோல் மேல லேசான மஞ்சள் சேர்ந்து எலுமிச்சம்பழ நிறம்னு புஸ்தகத்துல போட்டிருக்கறது இதத்தான், நம்ம ஊர் மாநிறத்துல அது சரியா தெரியாது, அதுக்கு பதிலா விரல் முட்டியெல்லாம் கருத்து போயிருக்கலாம், கையை திருப்பி பாருங்க.

பெரியம்மா மேல கோவப்படாதீங்க, நம்ம வீடுகள்ல மஞ்சள் கண்ணுன்னா உடனே கீழாநெல்லிதான், பாசத்துலதான் செஞ்சிருக்காங்க. ஆனா அந்த பத்தியத்த இன்னைக்கே நிறுத்துங்க. சைவம் சாப்பிடற ஒருத்தருக்கு கொஞ்சநஞ்சம் பி12 வர்றதே பால், தயிர், மோர்ல இருந்துதான், பத்தியம்னு சாப்பாட்டையே ஒடுக்கினா இருந்த ஒரு வழியும் அடைபடும். மஞ்சள்னு வந்தவங்க எல்லாருக்கும் லிவர்தான் காரணம்னு நினைக்கற பழக்கத்தால இந்த மாதிரி எத்தனையோ பேர் வாரக்கணக்குல மருந்தில்லாம இருக்காங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

ரெட்டிகுலோசைட்ட பத்தியும் சொல்லணும், இந்த ரிப்போர்ட்டுல என் கண்ணு முதல்ல போனது அங்கதான். அது மஜ்ஜையில இருந்து அப்பதான் வெளிய வந்த இளம் சிவப்பணு. வெளிய ரத்தக்குழாய்ல செல் உடையற நோயா இருந்தா ஈடுகட்ட மஜ்ஜை புது செல்ல அள்ளி அனுப்பும், ரெட்டிகுலோசைட் நல்லா ஏறி இருக்கும். அம்மாவுக்கு 1 சதவீதம்தான், அதுவும் 5.8 ஹீமோகுளோபின்ல 1 சதவீதம்னா இல்லாத மாதிரிதான். எல்டிஹெச் உச்சத்துல, ரெட்டிகுலோசைட் பாதாளத்துல, இந்த ஜோடி ஒண்ணா வந்தா சாவு மஜ்ஜைக்குள்ளன்னு அர்த்தம். இத கவனிக்காம விட்டா ஆபத்தும் உண்டு. பிளேட்லெட் குறைவு, உடைஞ்ச துண்டு செல், எல்டிஹெச் அதிகம்னு மூணும் சேர்ந்தா டிடிபின்னு, சின்ன ரத்தக்குழாய்ல எல்லாம் ரத்தம் உறையற ஒரு அவசர நோய் மாதிரியே தெரியும், பி12 குறைஞ்சவங்களுக்கு அந்த நோய்னு நினைச்சு பிளாஸ்மாவ (ரத்தத்தோட நீர்ப்பகுதி) மாத்தற சிகிச்சை வரைக்கும் போன கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல நிறைய பதிவாகி இருக்கு. உங்க டாக்டர் அப்படி எதுலயும் போகாம பி12 பாத்து ஊசி ஆரம்பிச்சது நல்ல வேலை.

எலும்பு மஜ்ஜை டெஸ்ட் ஏன் எடுக்கலன்னு கேட்டிருந்தீங்க. பி12 94, எம்சிவி 122, ஸ்மியர்ல, அதாவது ரத்தத்த கண்ணாடியில தடவி மைக்ரோஸ்கோப்ல பாக்கற டெஸ்டுல, நியூட்ரோஃபில்ங்கற வெள்ளணுவோட நியூக்ளியஸ் அஞ்சு ஆறு மடலா பிரிஞ்சிருந்தா (ரிப்போர்ட்டுல ஹைப்பர்செக்மென்டட்னு எழுதி இருப்பாங்க, தேடி பாருங்க) இதுக்கு மேல இடுப்பெலும்புல ஊசி குத்தி நிரூபிக்க வேண்டியது இல்ல. வெள்ளணு, பிளேட்லெட் குறைஞ்சதுக்கும் அதே டிஎன்ஏ பிரச்சனைதான் காரணம், மூணு வகை செல்லும் ஒரே மஜ்ஜையில பிறக்கறதுதானே. இன்னொண்ணு, மெகலோபிளாஸ்டிக் மஜ்ஜைய மைக்ரோஸ்கோப்ல பாத்தா இளம் செல்லா குவிஞ்சு கிடக்கும், பி12 ரிசல்ட்ட பக்கத்துல வைக்காம பாக்கறவருக்கு லுக்கீமியாவோன்னு (ரத்த புற்றுநோய்) சந்தேகம் வரும், தேவையில்லாத பயம். ஆனா ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாள்லயும் ரெட்டிகுலோசைட் ஏறலன்னாலோ, எல்டிஹெச் அப்படியே நின்னாலோ, ஸ்மியர்ல பிளாஸ்ட் செல் (ரத்த புற்றுநோய்ல தெரியற முதிராத செல்) தெரிஞ்சாலோ, கழுத்து அக்குள்ல கட்டி, மண்ணீரல் பெருசுன்னு இருந்தாலோ அப்ப கண்டிப்பா எடுக்கணும், அப்ப வேண்டாம்னு நீங்க தடுக்கக்கூடாது.

ரத்தம் ஏத்தாததும் யோசிச்சு செஞ்சதுதான். இந்த அனீமியா மாசக்கணக்குல மெதுவா வர்றது, உடம்பு பழகிக்கிட்டு பிளாஸ்மா அளவ கூட்டி வச்சிருக்கும், அப்படிப்பட்டவங்களுக்கு வேகமா ரெண்டு பாட்டில் ஏத்தினா ஹார்ட் தாங்காம நுரையீரல்ல நீர் கோத்துக்கும். நெஞ்சுவலி, படுத்திருக்கறப்பவே மூச்சுத்திணறல்னு இருந்தா மட்டும் மெதுவா ஒரு யூனிட் குடுப்பாங்க. அம்மாவுக்கு அப்படி ஏதாவது வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு போயிருங்க, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.

இப்ப கீரை. கீரையில இருக்கறது ஃபோலேட், பி12 இல்ல. எந்த செடியிலயும் பி12 நம்பற அளவுக்கு கிடையாது, அத செய்யறது பாக்டீரியா, நமக்கு வர்றது பால், முட்டை, மீன், கறி வழியாத்தான். அம்மா குடிச்ச பால்ல வந்த கொஞ்சத்தையும் ரெண்டு மாத்திரை தடுத்திருக்கு, சாப்பாட்டுல இருந்து பி12 பிரிய வயித்து ஆசிட் வேணும் அத கேஸ் மாத்திரை குறைக்குது, சிறுகுடல் கடைசில அது உறிஞ்சப்படறத மெட்ஃபார்மின் குறைக்குது. லிவர்ல இருக்கற சேமிப்பு சில வருஷம் தாங்கும், அதனாலதான் இத்தனை வருஷம் தெரியல. அதுக்காக மெட்ஃபார்மின நீங்களா நிறுத்திடாதீங்க, சுகர் எகிறும், பி12 ஊசி போட்டுக்கிட்டே அத தொடரலாமான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். பி12ஐ உறிஞ்ச வேணுங்கற இன்ட்ரின்சிக் ஃபேக்டர்ங்கற புரதத்த வயிறே செய்யாம போற பெர்னிஷியஸ் அனீமியாவும் ஒரு காரணமா இருக்கலாம், 94 வரைக்கும் இறங்கினவங்களுக்கு அதுக்கான ஆன்டிபாடி டெஸ்ட் பாக்கறது நல்லது, ஏன்னா அதுவா இருந்தா ஊசியோ பெரிய டோஸ் மாத்திரையோ ஆயுசு முழுக்க வேணும்.

இங்க ஒண்ணு அழுத்தி சொல்லணும். மெடிக்கல் ஷாப்ல போய் ரத்தம் ஊறனும்னு ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் வாங்கி குடுத்துடாதீங்க. ஃபோலிக் ஆசிட் கதை நம்ம ஊரோட கொஞ்சம் சம்பந்தப்பட்டது. 1930 வாக்குல பம்பாய் மில் தொழிலாளர் வீட்டு கர்ப்பிணிகளோட அனீமியாவ ஆராய வந்த இங்கிலாந்து டாக்டர் லூசி வில்ஸ், மார்மைட்ங்கற ஈஸ்ட் பொருள குடுத்தா அது சரியாகுதுன்னு கண்டுபிடிச்சார், அதுக்குள்ள இருந்த சத்துதான் பின்னாடி ஃபோலேட்னு தெரிஞ்சது. 1940கள்ல அத ஆய்வுக்கூடத்துல செஞ்சு காட்டின அமெரிக்க குழுவுக்கு தலைமை தாங்கினவர் நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச எல்லாப்ரகட சுப்பாராவ். அந்த மருந்து வந்ததும் பெர்னிஷியஸ் அனீமியாக்காரங்களுக்கும் குடுத்தாங்க, ரத்தம் அழகா ஏறிச்சு, ஆனா நரம்பு கெட்டுக்கிட்டே போச்சு. ஃபோலிக் ஆசிட்ட அள்ளி குடுத்தா மாட்டிக்கிட்ட வழிய சுத்திக்கிட்டு டிஎன்ஏ வேலை நடந்துரும், ஹீமோகுளோபின் ஏறும், எல்டிஹெச்சும் இறங்கும், எல்லாம் சரியாச்சுன்னு தோணும், ஆனா முதுகுத்தண்டு நரம்புக்கு வேணுங்கறது பி12, அது வராம உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும். தினமும் கீரை சாப்பிடறவங்களுக்கும் இதே மாதிரி ரத்தம் ஓரளவு தாக்குப்பிடிச்சு நரம்பு முன்னாடி அடி வாங்கலாம்.

அதனால எல்டிஹெச்ச விட நான் கவலைப்படறது நீங்க ஒரே வரில எழுதிட்டு போன அந்த கால் மரத்துப்போற விஷயத்துக்குத்தான். அம்மா முகம் கழுவறப்ப கண்ணை மூடினதும் தள்ளாடறாங்களா, செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம நடக்கறாங்களா, இருட்டுல நடக்க பயப்படறாங்களா, மறதி கூடியிருக்கான்னு கேட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க. சுகர்னால வந்த மரமரப்புன்னு விட்டுடக்கூடாது. ரத்தம் எவ்வளவு கெட்டிருந்தாலும் திரும்பிடும், நரம்பு நாள் கடந்துட்டா முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது. பாத்ரூம்ல ஒரு கைப்பிடியும் ராத்திரி ஒரு லைட்டும் போட்டு வைங்க.

ஊசி ஆரம்பிச்ச பிறகு என்ன நடக்கும்னா, ஒண்ணு ரெண்டு நாள்லயே மஜ்ஜை மாற ஆரம்பிச்சுடும், அம்மாவும் தெம்பா இருக்குன்னு சொல்வாங்க, ஹீமோகுளோபின் ஏறலயேன்னு நீங்க குழம்புவீங்க. மூணு நாலு நாள்ல ரெட்டிகுலோசைட் ஏற ஆரம்பிச்சு ஒரு வாரத்துல உச்சத்துக்கு போகும். எல்டிஹெச் முதல் வாரத்துலயே இறங்க தொடங்கும், கொஞ்ச வாரத்துல நார்மல் பக்கம் வந்துரும், ஒவ்வொரு லேப்பும் வேற வேற அளவு வச்சிருப்பாங்க அதனால ஒரே லேப்லயே எடுங்க. ஹீமோகுளோபின் முழுசா சரியாக ரெண்டு மாசம் ஆகலாம், நரம்புக்கு அதைவிட அதிகம். இந்த முதல் வாரத்துல பொட்டாசியம் மட்டும் பாக்க சொல்லுங்க. திடீர்னு கோடிக்கணக்குல புது செல் உருவாகறப்ப அது ரத்தத்துல இருக்கற பொட்டாசியத்த உள்ள இழுத்துக்கும், ரொம்ப குறைஞ்சா இதயத் துடிப்பு தடம் மாறும். இளநீர் வாழைப்பழம்னு நீங்களா அள்ளி குடுக்க வேண்டாம், சுகர் இருக்கு, டெஸ்ட் பாத்துட்டு டாக்டர் சொல்ற மாதிரி செய்யுங்க.

இரும்பு சேமிப்ப காட்டற ஃபெரிட்டின் 410ஐ பாத்து இரும்பு நிறைய இருக்குன்னும் நினைக்காதீங்க. செல் செய்ய முடியாததால இரும்பு உபயோகமாகாம தேங்கி நிக்குது, உற்பத்தி ஓட ஆரம்பிச்சதும் அது மளமளன்னு குறையும், சிலருக்கு அப்பதான் ஒளிஞ்சிருந்த இரும்புச்சத்து குறைவே வெளிய தெரியும். ஹீமோகுளோபின் நல்லா ஏறிட்டு வந்து நடுவுல நின்னுபோச்சுன்னா அத சந்தேகப்படணும், ஒரு மாசம் கழிச்சு ஃபெரிட்டின் மறுபடி பாருங்க.

கடைசியா உங்களுக்கு. அதே சமையல்ல சாப்பிடற நீங்களும் உங்க அப்பாவும் பி12 ஒரு தடவை பாத்துக்கோங்க, அந்த டெஸ்டுக்கு முன்னாடி சத்து மாத்திரை எதுவும் போடாதீங்க, போட்டா நம்பர் ஏறி உண்மை தெரியாம போயிரும். அம்மாவோட முதல் வார ரெட்டிகுலோசைட், எல்டிஹெச், பொட்டாசியம் ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்க, பாத்து சொல்றேன்.